கல்லறையில் ஒரு கணக்கு

கல்லறை என்றால் பெயர் இருக்கும், பிறந்த நாள், இறந்த நாள் இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், சேல் என்ற ஊரில் உள்ள ஒரு கல்லறையில் 772.55 என்ற எண்ணையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். யாருடையது தெரியுமா? ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (1818–1889) என்ற விஞ்ஞானியுடையது. ஆற்றலுக்கு அலகாக நாம் எழுதுகிறோமே, அதே ஜூல்தான்!

ஜூல் பீர் தயாரிக்கும் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்ததில்லை. வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் ஒரு திரவம் மாதிரி என்று பலரும் நம்பிய காலம் அது. "இல்லை, வேலை செய்தாலே வெப்பம் வரும்" என்றார் ஜூல். தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரத்தை வைத்தார். வெளியே தொங்கும் எடை கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுற்றும், தண்ணீர் துளியூண்டு சூடாகும். அதை அளந்தார். பல வருடம் திரும்பத் திரும்பச் செய்து, 1878-ல் அவர் வெளியிட்ட எண்தான் 772.55.

இதன் பொருள்: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 772.55 அடி-பவுண்டு வேலை வேண்டும். அதாவது தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறன், பழைய இங்கிலாந்து அலகில்.

நம் புத்தகத்தில் என்ன இருக்கிறது? ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு கெல்வின் சூடாக்க ஏறத்தாழ 4186 ஜூல். 772 எங்கே, 4186 எங்கே! இரண்டும் ஒரே உண்மை என்றால், அலகை மாற்றினால் ஒன்று இன்னொன்றாக வர வேண்டுமல்லவா? வராவிட்டால் யாரோ ஒருவர் தப்பு. சரி, நாமே போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதல் படி, பவுண்டு: ஒரு பவுண்டு எடை 772.55 அடி இறங்கினால் ஒரு பவுண்டு தண்ணீர் ஒரு டிகிரி சூடாகிறது. அப்போ ஒரு கிலோ எடை அதே உயரம் இறங்கினால் ஒரு கிலோ தண்ணீரும் அதே ஒரு டிகிரிதான் சூடாகும். மேலேயும் பவுண்டு, கீழேயும் பவுண்டு, அடிபட்டுப் போய்விடுகிறது!

இரண்டாம் படி, அடி: ஓர் அடி 0.3048 மீட்டர். 772.55 × 0.3048 = 235.47 மீட்டர்.

மூன்றாம் படி, ஜூல்: ஒரு கிலோ அந்த உயரம் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் 9.81 × 235.47 = 2310 ஜூல். ஆனால் இது ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு மட்டும்.

நான்காம் படி, டிகிரி: இங்கேதான் எல்லோருக்கும் கை தானாக 32-ஐக் கழிக்கப் போகும். கழிக்கக் கூடாது! காய்ச்சல் 98.6-லிருந்து 102.2 ஃபாரன்ஹீட் ஏறினால், அது 37-லிருந்து 39 செல்சியஸ். ஏறியது 3.6 ஃபாரன்ஹீட், அதாவது 2 செல்சியஸ். 3.6-லிருந்து 32-ஐக் கழித்துக் கணக்குப் போட்டால் காய்ச்சல்காரர் 16 டிகிரி குளிர்ந்து போயிருப்பார்! தெர்மாமீட்டர் காட்டும் அளவை மாற்றத்தான் 32 வேண்டும். ஏறிய, இறங்கிய வித்தியாசத்துக்கு 1.8 மட்டும் போதும். கெல்வினிலும் செல்சியஸிலும் வித்தியாசம் ஒரே அளவுதான்.

சரி, 1.8-ஆல் பெருக்குவதா, வகுப்பதா? அரைக் கிலோ தக்காளி 20 ரூபாய் என்றால் ஒரு கிலோ 40 ரூபாய். அளவு பெரிதானால் விலையும் கூடும். செல்சியஸ் டிகிரி ஃபாரன்ஹீட் டிகிரியைவிட 1.8 மடங்கு பெரிது. ஆகவே பெருக்க வேண்டும்.

2310 × 1.8 = 4158.

புத்தகத்தில் 4186, ஜூலுக்கு 4158. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை! துடுப்பையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு, நூறு வருடத்துக்கும் முன்னால் இவ்வளவு நெருங்கியிருக்கிறார். அலகை மாற்றிப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் கல்லறை எண்ணின் பெருமையே புரிந்தது.

ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். பி.டி.யு. என்ற பிரிட்டிஷ் வெப்ப அலகு ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் சூடாக்குவது. கலோரி ஒரு கிராம் தண்ணீரை ஒரு செல்சியஸ் சூடாக்குவது. இரண்டுக்கும் அளவுகோல் தண்ணீர்தான் என்பதால், தன் வெப்ப ஏற்புத்திறனை எந்த முறையில் எழுதினாலும் எண் மாறாது. செம்புக்கு அங்கேயும் 0.092, இங்கேயும் 0.092. ஜூலில் வேண்டுமானால் 4187-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 385. பி.டி.யு. பழைய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஏ.சி. பெட்டியில் "1 டன்" என்று போட்டிருப்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் என்பதைத்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நயாகரா அருவி 160 அடி விழுவதால் அதன் தண்ணீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாகும் என்று 1845-ல் எழுதினார் ஜூல். அது எத்தனை செல்சியஸ்? அடியை மீட்டராக்கி, 9.81-ஆல் பெருக்கி, 4186-ஆல் வகுத்தும் பாருங்கள். இரண்டு வழியிலும் 0.11 வந்தால் நீங்கள் பாஸ். மைனஸில் வந்தால்? 32-ஐக் கழித்துவிட்டீர்கள், நண்பரே!