பயந்தவனின் பக்கம் நின்ற மேசன்

1894 ஏப்ரலில் லண்டன் அவென்யூ தியேட்டரில் பெர்னார்ட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்' நாடகம் அரங்கேறியது. போர்க்களத்திலிருந்து தப்பி ஓடிவந்த சிப்பாய் ஒருவன் ஒரு பெண்ணின் படுக்கையறையில் ஒளிந்துகொள்கிறான். அவனைத் தேடி ராணுவ அதிகாரி ஒருவர் உள்ளே வருகிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியேறுகிறார். சில நிமிட வேஷம். அதைப் போட்டவர் 28 வயது ஏ.இ.டபிள்யூ. மேசன்.

நடிப்பு அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே முதல் நாவலை வெளியிட்டுவிட்டார். 1902இல் வந்த 'தி ஃபோர் ஃபெதர்ஸ்' அவரை உலகறியச் செய்தது. அதிலும் நாயகன் போருக்குப் பயந்தவன்தான். ஷா அந்தப் பயத்தை வைத்துச் சிரிக்க வைத்தார். மேசனுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

அந்த நாயகன் ஹாரி ஃபீவர்ஷாமின் அப்பா ஒரு ஜெனரல். ஆண்டுதோறும் ஜூனில் கிரிமியப் போரில் உடன் நின்றவர்களை அழைத்து விருந்து வைப்பார். பதினான்கு வயதுப் பையனையும் ஒருமுறை மேஜையில் உட்காரவைக்கிறார். பெரியவர்கள் கதை பேசுகிறார்கள். ஒரே ஒரு கணம் துணிச்சல் கைவிட்டதால் அவமானத்தில் செத்துப்போனவர்களின் கதைகளும் அதில் வருகின்றன. கேட்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பையனுக்கோ வாழ்நாள் பீதி. அவனுக்குச் சாவைக் கண்டு பயமில்லை. 'அந்த நேரம் வந்தால் நானும் ஓடிவிடுவேனோ' என்பதுதான் பயம். வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தவன், 1882இல் தன் படைப்பிரிவு எகிப்துக்குப் புறப்படப்போகிறது என்ற தந்தியை நெருப்பில் போட்டுவிட்டு, வேலையை ராஜினாமா செய்கிறான்.

அதன்பின் அயர்லாந்தின் டோனிகாலில் ஒரு நடன இரவு. ஹாரிக்கு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே மூன்று வெள்ளை இறகுகள், அனுப்பிய மூன்று நண்பர்களின் பெயர் அட்டைகள். அவன் மணக்கவிருந்த எத்னி அதைப் பார்க்கிறாள், காரணம் கேட்கிறாள். அவன் மறைக்காமல் சொல்கிறான். எத்னி கத்தவில்லை, அழவில்லை. கையிலிருந்த விசிறியிலிருந்து ஓர் இறகை ஒடித்து அந்த மூன்றோடு சேர்த்து வைக்கிறாள்.

வெள்ளை இறகு என்றால் கோழை என்ற பேச்சு மேசன் உண்டாக்கியதல்ல. வாலில் வெள்ளை இறகு உள்ள சேவல் களத்தில் நிற்காது என்பது இங்கிலாந்துச் சேவல் சண்டைக்காரர்களின் பழைய நம்பிக்கை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது இந்த நாவல். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஓய்வுபெற்ற அட்மிரல் 30 பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத இளைஞர்களின் கையில் வெள்ளை இறகைத் திணிக்க வைத்தார். அந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. பயந்தவனின் மனதைப் புரிந்துகொள்ளச் சொன்ன ஒரு நாவலின் சின்னம், பையன்களைப் பதுங்குகுழிக்கு விரட்டப் பயன்பட்டது. மேசனின் வாசகர்களில் எத்தனை பேர் கதையைப் பாதியோடு மூடிவைத்தார்களோ!

மீதிக் கதை, ஹாரி சூடானுக்குப் போய் ஒவ்வோர் இறகையும் திருப்பிக் கொடுக்கும் கதை. பிரிட்டிஷ் ஜெனரல் கார்டனின் கடிதங்களை மீட்பது, ஓம்துர்மான் சிறையின் 'கல் வீட்டில்' அடைபட்ட நண்பனைத் தப்புவிப்பது எல்லாம் அதில் உண்டு. சினிமாக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது இந்தப் பகுதிக்காகத்தான். 1939இல் ஸோல்டன் கோர்டா எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. 2002இல் நம் சேகர் கபூர் ஹீத் லெட்ஜரை வைத்து எடுத்தார், ஓடவில்லை.

படங்கள் முழுதாகக் காட்டாத ஒருவன் நாவலில் இருக்கிறான்: டரன்ஸ். ஹாரியின் நண்பன், பாலைவன வெயிலில் பார்வையைப் பறிகொடுத்தவன். இரக்கப்பட்டு அவனை மணக்கச் சம்மதிக்கிறாள் எத்னி. அவள் மனதில் இன்னும் ஹாரி இருப்பதைக் கண்ணிருந்தபோது கவனிக்காத டரன்ஸ், கண் போனபின் கண்டுபிடிக்கிறான். அவள் குரல் எங்கே இறங்குகிறது, வயலினில் ஒரு குறிப்பிட்ட இசையை எப்படி வாசிக்கிறாள், எந்தக் கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கோக்கிறான். தெரிந்தபின்பும் வாயைத் திறக்காமல் இருக்கிறான். நாவலின் பெரும்பகுதி ஒட்டகத்தின் மேல் நடக்கவில்லை, இவர்கள் உட்கார்ந்து பேசும் வரவேற்பறையில்தான் நடக்கிறது. சாகச நாவலுக்குள் ஒரு துப்பறிவாளனை மேசன் அப்போதே உட்காரவைத்துவிட்டார் என்பேன்.

முழுநேரத் துப்பறிவாளர் வர 1910 ஆயிற்று. லண்டனை அடுத்த ரிச்மண்டில் ஒரு ஓட்டல் ஜன்னல் கண்ணாடியில் வைர மோதிரத்தால் கீறிய இரண்டு பெயர்களை மேசன் பார்த்தார். ஒன்று, பிரான்சின் எக்ஸ்-லே-பேன் ஊரில் தன் பங்களாவில் கொலையான பணக்கார மூதாட்டியின் பெயர். மற்றது, அதே சம்பவத்தில் கட்டிப்போடப்பட்டு மயக்க மருந்தோடு கிடந்த அவருடைய பணிப்பெண்ணின் பெயர். அதிலிருந்து முளைத்தது 'அட் தி வில்லா ரோஸ்'.

அதில் வரும் இன்ஸ்பெக்டர் அனோ, பாரிஸ் போலீஸ்காரர். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எந்த வகையிலும் ஒத்துப்போகாத ஆளாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே மேசன் அவரைப் படைத்தார். சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், கனத்த உடம்பு, நல்ல வரும்படியுள்ள நகைச்சுவை நடிகரின் முகம். கூடவே ரிக்கார்டோ என்ற ஓய்வுபெற்ற லண்டன் வியாபாரி. அனோ ஆங்கில மரபுத்தொடர்களைக் கொத்துக்கறி போட்டுப் பேசுவார், ரிக்கார்டோ முகம் சுளிப்பார். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ வாசகர்களைச் சந்தித்தது அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான்.

'வில்லா ரோஸ்' அமைப்பில் ஒரு விநோதம் உண்டு. பல அத்தியாயங்கள் மிச்சமிருக்கும்போதே குற்றவாளிகள் பிடிபட்டுவிடுகிறார்கள். பின்பு கதை அந்தக் கொலை இரவுக்குத் திரும்புகிறது. ஆவிகளோடு பேசுவதாக நடிக்கும் சீலியா என்ற இளம்பெண்ணைக் கயிற்றால் கட்டுகிறார்கள். அவளுக்கு இது வழக்கமான வித்தை. நூறு முடிச்சு போட்டாலும் நழுவி வெளியே வரத் தெரிந்தவள். விளக்கை அணைத்தபின் மணிக்கட்டை அசைத்துப் பார்க்கிறாள். அசையவில்லை. முடிச்சுகள் நிஜம். புதிரை முன்கூட்டியே உடைத்தது தவறு என்று துப்பறியும் நாவல் ரசிகர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்த இருட்டறை அத்தியாயத்துக்காக அந்தக் குறையை மன்னிக்கத் தோன்றுகிறது. ஹாரிக்குள் இறங்கிப் பார்த்த அதே எழுத்தாளர்தான் இங்கும் பயத்துக்குள் இறங்குகிறார்.

எழுதியதோடு நிற்கவில்லை மனிதர். 1906இலிருந்து 1910வரை கவென்ட்ரி தொகுதியின் லிபரல் எம்.பி. மலையேற்றமும் பாய்மரப் படகும் பொழுதுபோக்கு. முதல் உலகப் போரில், ஐம்பதை நெருங்கும் வயதில் ராணுவத்தில் சேர்ந்து, பிறகு கடற்படை உளவுத்துறைக்காக ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் வேலை பார்த்தார்.

குறை சொல்லாமல் முடிக்க முடியாது. 'ஃபோர் ஃபெதர்ஸ்' படிக்கும்போது, சூடானில் வெள்ளைக்காரப் படைக்கு என்ன வேலை என்ற கேள்வி ஓரிடத்தில்கூட எழுவதில்லை. சூடானியர்கள் உதவியாளர்களாகவோ சிறைக்காவலர்களாகவோ வந்துபோகிறார்கள். ஹாரிக்குக் கிடைத்த பரிவில் கால்வாசிகூட அவர்களுக்கு இல்லை. எல்லைப்புற இந்தியாவை வைத்து அவர் எழுதிய 'தி டிரம்' இன்னும் மோசம். மைசூர் யானைக் கொட்டாரத்திலிருந்து சினிமாவுக்குப் போன சாபு நடித்து 1938இல் அது படமாக வந்தபோது, பம்பாயிலும் சென்னையிலும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான எதிர்ப்பு.

அந்தக் கறை படியாதவை அனோ நாவல்கள். 36 ஆண்டுகளில் ஐந்தே ஐந்து. அவற்றில் 1924இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி ஆரோ' உச்சம். பிரான்சின் தீஷோன் நகரம், ஊரையே ஆட்டிவைக்கும் மொட்டைக் கடிதங்கள், விஷம் தோய்ந்த ஓர் ஆப்பிரிக்க அம்பு. நள்ளிரவுக்குப் பின் ஒரு பெண் இருட்டறையில் விளக்கைப் போட்டு உடனே அணைக்கிறாள். அந்த ஒரு நொடியில் கடிகாரம் பத்தரை காட்டியதைப் பார்க்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, கடிகாரமும் கெட்டுப்போகவில்லை. அப்புறம் எப்படி என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேசன் 1948 நவம்பரில் காலமானார். இந்தியச் சட்டப்படி அவர் நூல்களின் காப்புரிமை 2008 முடிவிலேயே தீர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளர்களும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதலில் தீஷோன் நகரத்து அம்பைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். இறகுகள் அடுத்த புத்தகமாக வரட்டும்.