காவலாளி அமுக்கிய ஓகே பொத்தான்

"என்னமோ ஒரு பொட்டி வந்துச்சுங்க தம்பி. ஓகேன்னு போட்டிருந்துச்சு. அமுக்குனனுங்க, போயிருச்சுங்க."

பல்லடம் பக்கத்தில் ஒரு ஹேச்சரி. 2009-ல் அங்கே முட்டை அடுக்கும் செட்டர் மெஷினின் சூட்டைக் கண்காணிக்க நான்தான் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கோழிமுட்டைக்கு 37.5 டிகிரியை ஒட்டியே சூடு இருக்க வேண்டும். மெஷின் பழையது, தனி அலாரம் கிடையாது. சூடு ஏறினால் பஸ்ஸரை அடிக்க வைப்பது என் ப்ரோக்ராமின் வேலை.

அன்றிரவு ஹீட்டரை எரியவிட்டு அணைக்கும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டது, ஹீட்டர் அணையவே இல்லை. பஸ்ஸர் அடிக்கவில்லை. காலையில் நான் போய்ப் பார்த்தபோது திரையில் கடிகாரம் விநாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 37.6. மெஷினுக்குள் வைத்த தெர்மாமீட்டரோ 40.8 காட்டியது. அந்தத் தொகுதியில் பாதிக்கு மேல் பொரியவே இல்லை. காவலுக்கு இருந்த பெரியவரைத்தான் எல்லோரும் ஏசினார்கள். தப்பு என்னுடையது.

நான் எழுதியது டிக்கிள் மொழியில். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-ல் தொடங்கிய மொழி. அதோடு வரும் டிகே-யை வைத்து ஜன்னல், பொத்தான் எல்லாம் பத்து வரியில் போட்டுவிடலாம். இப்படிப்பட்ட ப்ரோக்ராம் மேலிருந்து கீழாக ஓடி முடிவதில்லை. "கேபிளில் ஒரு வரி வந்தால் இதைச் செய்", "ஒரு விநாடி கழித்து இதைச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்கும். நேரம் வந்ததும், இந்தக் காத்திருப்பைக் கவனிக்கும் ஈவன்ட் லூப் அதற்கென எழுதிய ப்ரோக்ராம் துண்டை எடுத்து ஓட்டும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வேலை சொன்னவர் எதிரிலேயே நின்றால் "முடியலீங்க" என்று அவரிடமே சொல்லிவிடலாம். சாதாரண ப்ரோக்ராமில் பிழை அப்படித்தான் போகும், கூப்பிட்ட வரிக்கே திரும்பும். ஈவன்ட் லூப் ஓட்டிய துண்டுக்குக் கூப்பிட்டவர் என்று யாரும் கிடையாது. பிழையை யாரிடம் சொல்வது? இதைத்தான் பின்னணிப் பிழை என்கிறோம். அதைக் கேட்டுக்கொள்ள டிக்கிளில் பிஜிஎரர் என்று ஒரு ப்ரொசீஜருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். நாம் எழுதாவிட்டால் டிகே தானே ஒரு பெட்டியைத் திரையில் போடும். பெரியவர் பார்த்தது அதைத்தான்.

கேபிள் வழியாகச் சூட்டை அனுப்பும் சென்சார் 0.2 டிகிரி கூடக் காட்டும் என்பதால், வந்த எண்ணிலிருந்து அதைக் கழிக்க ஒரு வரி எழுதியிருந்தேன். கான்டாக்டரில் பொறி பறந்த நேரத்தில் சீரியல் கேபிளில் ஓர் எழுத்து சிதைந்து வந்திருக்க வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் கழித்தல் நடக்காது, பிழை. இப்படிப் பிழை தந்த ஃபைல்ஈவன்ட் துண்டை, அதாவது கேபிளில் வரி வந்தால் ஓடும் துண்டை, டிக்கிள் அந்த இடத்திலேயே கழற்றிவிடும். கெட்ட துண்டு திரும்பத் திரும்ப ஓடி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக யோசித்து வைத்த ஏற்பாடு அது, கையேட்டிலேயே இருக்கிறது. நான் அந்தப் பத்தியைப் படித்திருக்கவில்லை. அந்த நொடியிலிருந்து என் ப்ரோக்ராம் கேபிளைப் படிக்கவே இல்லை. கடிகாரம் வேறு துண்டு என்பதால் அது பாட்டுக்கு ஓடியது. ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தால் யார்தான் ப்ரோக்ராம் படிப்பதை நிறுத்திவிட்டது என்று நினைப்பார்கள்? ஒரேயடியாகச் செத்துக் கறுத்த திரையாக இருந்திருந்தால் பெரியவர் ராத்திரியே போன் செய்திருப்பார்.

பதற்றத்தில் நான் முதலில் செய்த திருத்தம் இன்னும் மோசம். எல்லாத் துண்டையும் கேட்ச் கட்டளைக்குள் போட்டேன். பிழை வந்தால் பிடித்து விழுங்கிவிடும், பெட்டி வராது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோதுதான் கை நடுங்கியது. முன்பு பெட்டியாவது வந்தது, இப்போது அதையும் நானே அடைத்துவிட்டேன்.

பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதினேன். எண் சிதைந்து வருவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். அதை வந்த இடத்திலேயே சோதித்து ஒதுக்கிவிட வேண்டும், பிஜிஎரர் வரை விடக் கூடாது. எதிர்பாராதது மட்டுமே அங்கே வர வேண்டும். வந்தால் முதலில் பஸ்ஸர், அடுத்து 37.6 இருந்த இடத்தில் சிவப்பில் இரண்டு கோடு, பிறகு நேரத்தோடு எரர்இன்ஃபோ முழுவதும் ஒரு ஃபைலில். பிழை எந்த வரியில் தொடங்கி எந்த வழியாக வந்தது என்பது எரர்இன்ஃபோவில்தான் இருக்கும், வெறும் செய்தியை மட்டும் எழுதி வைத்தால் பிறகு தேடி மாளாது. கடைசியாக, கழன்ற துண்டைத் திரும்ப மாட்டுவது. மூன்று முறைக்கு மேல் கழன்றால் ப்ரோக்ராம் தானே நின்றுவிடும், வெளியே காவல் இருக்கும் இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் புதிதாகக் கிளப்பும். பிஜிஎரரை இதற்கு மேல் வளர்க்கவில்லை. அதற்குள்ளேயே பிழை வந்தால் கேட்க அப்புறம் ஆளில்லை.

அதோடு, பிழையே வராமல் கேபிள் கழன்று கிடந்தால்? 30 விநாடிக்குள் புது எண் வராவிட்டாலும் பஸ்ஸர் அடிக்கட்டும் என்று ஒரு டைமர் வைத்தேன். டைமர் துண்டின் முதல் வரியே, இத்தனை நேரம் கழித்து மறுபடி ஓட்டு என்று சொல்லும் ஆஃப்டர் கட்டளை. கடைசி வரியில் வைத்தால், நடுவில் பிழை வந்த அன்றோடு டைமரும் நின்றுபோகும்.

இந்தக் கவலை டிக்கிளோடு நிற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ப்ரோக்ராமை ஓட்டும் நோட்.ஜேஎஸ், பிறகு முடியப்போகும் வேலையைக் குறிக்கும் ப்ராமிஸில் யாரும் கவனிக்காத பிழை வந்தால், முன்பு வெறும் எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டிருந்தது. 2020-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்துதான், நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ப்ரோக்ராமையே நிறுத்துகிறது. எனக்கு அது மனதார உடன்பாடு.

இன்றும் எந்த இடத்தில் ப்ரோக்ராம் மாட்டினாலும், கிளம்பும் முன் ராத்திரிக் காவலுக்கு வருபவர் வரும்வரை காத்திருப்பேன். அவர் முன்னால் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கிளப்புவேன். பஸ்ஸர் அலறும். "இது கேட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பேன். அவர் தன் போனில் என் நம்பரைத் தேடி எடுத்து, என் சட்டைப் பையில் போன் அடித்த பிறகுதான் பஸ்ஸரை நிறுத்துவேன்.