மலையகத்து வீட்டுக் கணக்கு – 7: பத்தாம் திகதியும் கடைக் கொப்பியும்

மாதத்தில் இன்று எத்தனையாம் திகதி என்பதைக் கலண்டர் பார்க்காமலே தலவாக்கலை டவுனில் சொல்லிவிடலாம். பத்தாம் திகதியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. ஹோலிரூட், கிரேட் வெஸ்டர்ன், வட்டகொடை, லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த சனம் பையும் குடையுமாக நிற்கும். துணிக்காரர், பிளாஸ்டிக் சாமான்காரர், லொத்தர் விற்பவர் எல்லோருக்கும் சம்பளத் திகதி மனப்பாடம். இருபதாம் திகதி அதே தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சென்ற வாரம் வருமானப் பக்கத்தைப் பார்த்தோம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் 1,350. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்தார்கள். அதில் 200 ரூபாய் அரசு தரும் வருகை ஊக்குவிப்பு. தொகை ஏறியது உண்மை. ஆனால் 1,000 ரூபாய் அப்படியே நின்ற அந்த மூன்றரை வருடத்துக்குள்தான் 2022 செப்டெம்பரும் வந்தது. அந்த மாதம் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானபோது, சம்பளத்தில் ஒரு சதமும் கூடவில்லை. அன்று கொப்பியில் ஏறிய கடன் பல வீடுகளில் இன்னும் இறங்கவில்லை.

கொப்பி என்றால் லயத்துக்குப் பக்கத்துக் கடையில் வீட்டுக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பற்றுக் கொப்பி. "முதலாளி, ரெண்டு கிலோ மா, கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம். எழுதிக்கங்க, பத்தாந்தேதி தாரேன்." அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல். இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்: தோட்டத்து வீட்டில் வீண்செலவின் வாசல் ஆசையைவிட இந்தக் கொப்பிதான்.

சிக்கனம் பற்றி வரும் புத்திமதிகள் பெரும்பாலும் வேறு ஊருக்கு எழுதப்பட்டவை. பட்டியலோடு போங்கள், பசியோடு போகாதீர்கள், தள்ளுவண்டி எடுக்காதீர்கள் என்பார்கள். அவை எந்த மாதிரிக் கடைக்கு எழுதப்பட்டவை என்று பாருங்கள். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். அதுவரை வாங்குபவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார், கடைக்காரர் எடுத்துத் தருவார். சாண்டர்ஸ் வாங்குபவரையே உள்ளே விட்டு, தானே எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1937இல் ஒக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கை சுமக்க முடியாத அளவுக்கும் வாங்கலாம் என்றானது. கண்ணில் பட்டதை எடுக்கும் பழக்கத்துக்கு வழி திறந்தது அங்கேதான். தலவாக்கலை டவுனில் சுப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைபவருக்கு அந்தப் புத்திமதிகள் பொருந்தும். லயத்துக் கடையில் இன்றும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்கிறோம். அங்கே ஆசைக்கு இருக்கும் ஒரே தடை கையில் காசு இல்லாததுதான். கொப்பி அந்தத் தடையையும் எடுத்துவிடுகிறது.

ஒரு கொப்பியைத் திறந்து பாருங்கள். திகதி இருக்கும், சாமான் பேர் இருக்கும், தொகை இருக்கும். கிலோ என்ன விலை என்ற கட்டம் பெரும்பாலும் இருக்காது. பத்தாம் திகதி மொத்தத்தைக் கூட்டிச் சொல்லும்போது, பன்னிரண்டு நாளைக்கு முன் வாங்கிய பருப்பு என்ன விலை என்று யார் கேட்பது? கேட்டால் கடைக்காரர் முகம் சுழிப்பாரோ என்ற பயம் வேறு. டவுனில் இன்னொரு கடையில் பத்து ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் போக முடியாது, கையில் காசில்லை. விலை பார்த்து வாங்கும் உரிமை அங்கேயே போய்விடுகிறது.

கடைக்காரரை இங்கே வில்லனாக்க நான் தயாரில்லை. வேலைநிறுத்த நாட்களிலும், கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த மாதங்களிலும் அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பியால்தான். அவரும் டவுனில் கடனுக்குத்தான் சரக்கு எடுக்கிறார். அந்தக் கடனின் செலவும், திரும்பி வராத பற்றுகளின் நட்டமும் சாமான் விலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒழுங்காகக் கட்டுகிற வீடு, கட்டாத வீட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறது.

கடன் எழுதிய தாள் மலையகத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், ஆள் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் ஆளின் பேரில் கடனாக நிற்கும். அந்தக் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த தாளுக்குத்தான் 'துண்டு' என்று பேர். வேறொரு தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. அடுத்து வந்த 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி வைத்தார்கள். (ஆண் பெண் சம்பளம் சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) அந்த 1927 ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. தோட்டம் கொடுக்கும் அரிசி, புசல் என்ற பழைய அளவுக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் அதிலே இருந்தது. அரிசி விலை தெரியாமல் கூலியைப் பேசுவதில் பொருளில்லை என்று அன்று எழுதியவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்று சம்பளம் வர்த்தமானியில் வருகிறது. மாவின் விலை எங்கோ தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கொப்பியிலிருந்து இறங்குவது எப்படி? ஒரேயடியாக மூடுகிறேன் என்று சபதம் எடுத்தால் பதினெட்டாம் திகதி மறுபடி திறக்க வேண்டிவரும். ஒரு சாமானை மட்டும் வெளியே எடுங்கள். சீனி என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்தாம் திகதி மாதத்துக்குத் தேவையான சீனியைக் காசு கொடுத்து வாங்கி டின்னில் போடுங்கள். அடுத்த சம்பளம் வரை சீனி கொப்பியில் ஏறக்கூடாது. அது நின்றபின் பருப்பு, அதன்பின் மா. மா ஒரு மாதத்துக்குக் கெடாது, ஆனால் நம் மலையில் ஈரம் அதிகம். மூடி இறுகிய வாளி வேண்டும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரிப்பதும் நல்லது. சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பாரமே அல்ல.

பெரிய பக்கட் எப்போதும் லாபம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2021 ஒக்டோபரில் இறக்குமதிப் பால்மா 400 கிராம் 480 ரூபாய், ஒரு கிலோ 1,195 ரூபாய். இரண்டரைப் பக்கட்டுக்கு 1,200 ஆகிறது. கிலோவாக வாங்கினால் மிச்சம் வெறும் ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்காக ஒரே நாளில் 1,195 ரூபாயை முடக்குவது மடத்தனம். சின்னப் பக்கட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஷாம்புவைச் சில்லறைப் பக்கட்டில் அடைக்கும் யோசனையைப் பரப்பியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். நாட்கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எட்டியது. வகுத்துப் பார்க்காமல் வாங்கும் பழக்கமும் கூடவே வந்தது. போனில் கல்குலேட்டர் இருக்கிறது. விலையை எடையால் வகுத்தால் போதும்.

இனிக் கொப்பியில் ஏறாத செலவுகள். லொத்தர் சீட்டு ஒன்று 40 ரூபாய். நாளுக்கு ஒன்று எடுத்தால் மாதம் 1,200. 1,350 ரூபாய் சம்பளம் இருந்தபோது அது ஏறக்குறைய ஒரு முழுப் பேர். ஒரு நாள் முழுக்கப் பறித்த கொழுந்து, முப்பது காகிதத்துக்கு. போன் ரீலோட்டும் இப்படித்தான், நூறு நூறாகப் போடும்போது கணக்குத் தெரிவதில்லை. சாராயத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்வேன்: சிக்கனத்தைப் பெண்ணுக்கு மட்டும் போதிக்கும் வீட்டில் பருப்பு மெலியும், போத்தல் மெலியாது.

சம்பளத்தன்று டவுனுக்குப் போகிறவர்கள், வாங்க நினைத்த சாமானுக்குத் தேவையானது போக மீதிப் பெரிய நோட்டுகளை வீட்டிலே வைத்துவிட்டுப் போனால் நல்லது. மரக்கறிச் செலவும் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்திலேயே விளைகிறது என்றாலும் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் மழை கூடினால் நமக்கும் விலை ஏறும். லயத்துப் பின்பக்கம் நாலு முழ நிலமிருந்தால் கீரை போடலாம்.

கடைசியாக, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடையில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும்; கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். பக்கட்டில் அச்சடித்த அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம். முறைப்பாட்டுக்கு 1977. முதலில் முறைப்பாடு வேண்டாம். வரும் பத்தாம் திகதி கொப்பியில் கிலோ விலைக்கு ஒரு கட்டம் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த வாரம் தீபாவளி முற்பணம்.