வலி ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

ஒரே டாக்டர், ஒரே ஊசி. ஒருவர் "அம்மா!" என்று அலறுகிறார். அடுத்தவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார்.

அலறியவரைக் கோழை என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி நியாயம் அல்ல. வலி எவ்வளவு தெரியும் என்பதில் மூளையில் சுரக்கும் ரசாயனப் பொருட்களுக்கும் பங்கு உண்டு.

மூளைக்குள் மருந்து

அபினில் இருந்து எடுக்கப்படும் மார்பின், கடுமையான வலியையும் போக்கும். அதுபோல வேலை செய்யும் பொருள் மூளையிலேயே இருக்கிறது! ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகர விஞ்ஞானிகள் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையில் இருந்து அதைப் பிரித்து எடுத்து, 1975-ம் ஆண்டில் விவரம் வெளியிட்டார்கள். அதன் பெயர் "என்கெபலின்".

என்சைம் வேகம்

மூளையில் சுரக்கும் பொருட்களைச் சிதைப்பவை என்சைம்கள். பெற்றோர் வழியாக வரும் மரபுக்கூறுக்கு ஏற்ப, அவற்றின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சிலருக்குத் தாடைத் தசையில் உப்பு நீர் ஏற்றிச் சோதித்தார்கள். "சி.ஓ.எம்.டி." என்ற என்சைம் மந்தமாக உள்ளவர்களுக்கு வலி அதிகமாகத் தெரிந்தது. வலியை அடக்கும் ஏற்பாடு அவர்கள் மூளையில் குறைவாகவே வேலை செய்தது. இந்த முடிவு 2003-ல் வெளிவந்தது.

ஆனந்தம்!

ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1992-ல் மூளையில் இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு "ஆனந்தமைட்" என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான்! இது வலியைக் குறைக்கும். இதைச் சிதைப்பது "எப்.ஏ.ஏ.எச்." என்ற என்சைம்.

ஸ்காட்லாந்தில் 66 வயதுப் பெண் ஒருவருக்குக் கையில் ஆபரேஷன் நடந்தது. மிகவும் வலிக்கக்கூடிய ஆபரேஷன். அவருக்கோ வலி மருந்தே தேவைப்படவில்லை! லண்டன் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவர் உடலில் அந்த என்சைமின் வேலை குறைந்து, ஆனந்தமைட் கூடுதலாக இருந்தது. 2019-ல் இந்த விவரம் வெளியானது.

வரம் அல்ல

வலி தெரியாதது வரம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்குக் கை சுட்டாலும், சதை கருகும் வாடை வந்த பிறகே தெரியும். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதும் வெகுநாள் தெரியவில்லை.

ஆகவே, கூட வேலை செய்பவர் முதுகு வலி என்றால் "எனக்கு வலிக்கவில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. வலிக்கவில்லை என்பதற்காகத் தன் காயத்தை அலட்சியப்படுத்துவதும் ஆபத்து.