சுருட்டை முடிக்குச் சீப்பு எப்போது?

மனித முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். இதை வைத்துக் காற்றின் ஈரப்பதத்தை அளக்கலாம் என்று ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சொஸ்யூர் 1783இல் நூல் எழுதினார்.   சொஸ்யூர் சொன்ன அந்த அளவுகோல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சுருட்டை முடிக்காரர் ஒவ்வொருவர் தலையிலும் இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கிறது. காலையில் அடங்கியிருந்த முடி, லிட்டில் இந்தியாவில் கடை திறக்கும் நேரத்துக்குள் பொங்கி நிற்கும். உடனே கை சீப்பைத் தேடும். வார வார இன்னும் பொங்கும்.

தினமும் தலைவாருவது நல்ல பழக்கம் என்று கேட்டே வளர்ந்தோம். நேர்முடிக்கு அது சரி. சுருட்டையிலும் நெளியிலும் கதை வேறு. ஒட்ட வெட்டிய குட்டை முடியைத் தினம் இரண்டு வேளைகூட பிரஷ் போடலாம். தோளைத் தொடும் சுருட்டையை உலர்ந்த நிலையில் ஒரு தடவைகூட வாரக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதி முடி உடைகிறது.

சுருள் எங்கே பிறக்கிறது

மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் சுருண்டு வரும். சுருட்டை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். இது பிறப்போடு வந்த அமைப்பு. எந்தப் பிரஷும் எந்த எண்ணெயும் நேர்முடியைச் சுருட்டையாக்கிவிடாது. மொட்டை அடித்தால் அடுத்து வரும் முடி அடர்த்தியாகவோ சுருளாகவோ வரும் என்பதும் நம்பிக்கைதான். பிள்ளையின் முதல் முடி மெல்லியது, வயது ஏற ஏற அது தானாகவே மாறுகிறது. கத்தி பட்டதால் அல்ல.

தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருளின் ஒவ்வொரு வளைவிலும் அது தடைபடும். அதனால் வேர் பிசுபிசுக்க, நுனி வறண்டு கிடக்கும். அந்த வளைவுகள்தான் முடியின் பலவீனமான இடங்களும். சீப்பு மாட்டி இழுபடுவதும் அங்கேதான், முறிவதும் அங்கேதான்.

இதோடு பினாங்குக் காற்று சேர்கிறது. ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊர் இது. முடி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு வரை நீரை உறிஞ்சக்கூடியது. முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் விடுபட்டு, வேறு இடத்தில் மறுபடி சேரும். நேற்று இரவு பிடித்துவைத்த வடிவம் இன்று காலை கலைவது இதனால்தான். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து கிளிசரின் நிறைந்த கிரீம்களை இங்கே அப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அது முடியை இன்னும் உப்ப வைக்கும்.

மொட்டைக்குப் பிறகு வரும் அலை

தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் முடி காணிக்கை கொடுத்த இளைஞர்கள் சிலருக்கு ஒரு மாதம் கழித்து ஆசை ஒன்று வருகிறது. தலையைச் சுற்றி நீரலை போல வரிவரியாகப் படியும் பாணி. இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் முடிதிருத்தகங்களில் வளர்ந்த கலை. அவர்களுடைய இறுக்கமான சுருளில் அலை விரைவில் தெரியும். நம்மவர்களில் நல்ல சுருட்டைக்காரர்களுக்கு வரும். லேசான நெளிக்காரர்களுக்கு முடி இன்னும் கொஞ்சம் நீண்டால்தான் தெரியும். நேர்முடிக்காரர்கள் ஆசையை விட்டுவிடலாம்.

மொட்டை அடிக்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். கூட்டத்தில் வரிசையாக மழிக்கும் இடத்தில் உங்கள் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகள் இரத்தம் வழியே பரவுபவை, ஒரு சின்னக் கீறல் போதும். அந்தக் கீறல்கள் முழுக்க ஆறும்வரை தலையில் பிரஷ் படக் கூடாது.

பிறகு செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். தலையில் சுழி எங்கே என்று கண்ணாடியில் பாருங்கள். முடி அங்கிருந்துதான் நாலா பக்கமும் விரிகிறது. பிரஷும் அதே வழியில் போக வேண்டும்: முன்புறம் நெற்றியை நோக்கி, பக்கங்களில் காதை நோக்கி, பின்னால் பிடரியை நோக்கி. எதிர்த்திசையில் ஒரு முறையும் வேண்டாம். குளித்ததும் முடி லேசாக ஈரமாக இருக்கும்போது ஐந்து நிமிடம், படுக்கும் முன் ஐந்து நிமிடம். கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துத் தடவிக்கொண்டால் போதும். முடி புதிதாக வெட்டியிருந்தால் மிருதுவான பிரஷ், வளர்ந்த பிறகு நடுத்தரம். கடினமான முள் பிரஷை ஒட்ட வெட்டிய தலையில் வைத்து அழுத்துவது தோலைச் சுரண்டுவதற்குச் சமம். இரவில் வழுவழுப்பான துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம், காலையில் நெற்றியில் தடம் பதிந்திருந்தால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். நாலு முதல் ஆறு வாரம் இப்படிப் போனால் முடி எந்தப் பக்கம் படிய வேண்டும் என்பது பழகிவிடும். பிரஷ் அலையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் சுருள்களை ஒரே திசையில் வரிசையாகப் படுக்க வைக்கிறது, அவ்வளவே.

தலை எரிந்தாலோ, சிவந்தாலோ, சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் கண்டாலோ நிறுத்திவிடுங்கள். பிடரியில் தடித்த சிறு கட்டிகள் வருவதைச் சுருட்டை முடி ஆண்கள் பலர் வெயில் கட்டி என்று விட்டுவிடுகிறார்கள். ஒட்ட மழித்த சுருள்முடி வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்துவதால் பெரும்பாலும் அது தூண்டப்படுகிறது. கட்டியை வளரவிட்டால் நிரந்தரத் தழும்பாகிவிடும். கிள்ளாமல், அந்த இடத்தில் மழிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிரஷ் வாங்கும்போது

இந்த அலைப் பாணிக்கு உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படுவது காட்டுப்பன்றி முடியில் செய்த பிரஷ். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பன்றி, நாய் இவற்றின் எந்தப் பகுதியில் செய்த பொருளானாலும் அதைக் குறிப்பிட்டு, தனியாக வைத்து விற்க வேண்டும் என்று மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் ஆணை சொல்கிறது. 2017 பிப்ரவரியில் பன்றி முடியில் செய்தவை எனச் சந்தேகிக்கப்பட்ட பெயிண்ட் பிரஷ்களை அதிகாரிகள் நாடெங்கும் கடைகளில் பறிமுதல் செய்ததும் அதன்படிதான். இணையத்தில் வாங்கும் பிரஷில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மென்மையான நைலானும் தாவர நாரும் இந்த வேலைக்குப் போதும். முடிவெட்டும் கடைப் பிரஷைவிட சொந்தப் பிரஷ் நல்லது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை. படர்தாமரையும் பேனும் பகிரும் சீப்பில் ஏறி வரும். வாரம் ஒரு முறை ஷாம்பு கரைத்த வெந்நீரில் கழுவி, முள் கீழ்நோக்க வைத்துக் காயவிடுங்கள்.

நீள முடிக்கு வாருமிடம் குளியலறை

நீண்ட சுருட்டை வைத்திருக்கும் பெண்ணும் ஆணும் கண்ணாடி முன் வாருவதை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குள் வாரினாலே பாதிச் சிக்கல் தீரும். தலைக்குக் குளித்து, நுனிப்பக்கம் கண்டிஷனர் தடவி, அது முடியிலேயே இருக்கும்போது அகலப்பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரலால் பெரிய முடிச்சுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். சீப்பு நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள சிக்கெல்லாம் திரண்டு கீழே ஒரே முடிச்சாகும்; பிறகு கத்தரிக்கோல்தான். நம் பாட்டிமார் சிக்கெடுக்க வைத்திருந்த சிணுக்கோலி செய்ததும் இதுதான், ஒரு சமயத்தில் ஒரு முடிச்சு.

ஈரமுடி காய்ந்த முடியைவிட வலுக்குறைந்தது என்பது உண்மை. நேர்முடிக்காரர்களை ஈரத்தில் வாராதே என்று தோல் மருத்துவர்கள் சொல்வது அதற்காக. சுருட்டையில் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. உலர்ந்த சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் உராய்வு அதிகம். கண்டிஷனர் வழுவழுப்பு அதைக் குறைக்கிறது. வாரிய பின் துவாலையால் பரபரவென்று துடைக்காமல் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காயும்வரை கை வைக்காமல் விடுங்கள். மறுநாள் காலை வேண்டியது சீப்பு அல்ல, தண்ணீர் தெளிக்கும் புட்டி. கையால் நனைத்துக் கசக்கிவிட்டால் சுருள் திரும்பும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முழுதாகச் சிக்கெடுத்தால் போதுமானது. மற்ற நாள்களில் விரல் போதும்.

அப்படிச் சிக்கெடுக்கும் நாளில் கைநிறைய முடி வருகிறதே என்று பயப்படுகிறார்கள். எல்லோருக்கும் தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேர்முடியில் அவை தரையில் விழுந்துவிடும். சுருட்டையில் சுருளுக்குள்ளேயே சிக்கி, மூன்று நாள் கணக்கு ஒரே நாளில் கைக்கு வரும்.

பள்ளிக்குப் போகும் சிறுமிகளுக்கு இரட்டைப் பின்னலை எண்ணெய் வைத்து நெற்றி இழுபட இறுக்கிப் பின்னும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து இழுபடும் வேர் முதலில் மெலியும், பிறகு முடி விடும். காதோரமும் நெற்றியோரமும் ஏறத் தொடங்கும். இந்த வகை முடியிழப்பு 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவாகியிருக்கிறது, அவர்கள் கொண்டையை அவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள். ஆரம்பத்தில் தளர்த்தினால் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் விட்டால் திரும்பாது.

எண்ணெய்: பாட்டி பாதி சரி

தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. மும்பையைச் சேர்ந்த ரேலே, மொகிலே இருவரும் செய்தது. முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு; முடித்தண்டுக்குள் புக முடிகிறது. அந்த ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தினர் என்பதையும் வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. இருந்தாலும் அவர்கள் தந்த விளக்கம் வேதியியலுக்குப் பொருந்துகிறது.

ஆகவே குளிக்குமுன் எண்ணெய் வைப்பது சரி. குளித்தபின் தினமும் வழிய வழிய வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் பினாங்கு வெக்கைக்கு ஒத்துவராது. நெற்றியில் பருக்கள் வரும். பொடுகை உண்டாக்கும் மலசீசியா என்ற நுண்பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது; பொடுகுத் தலையில் எண்ணெய் ஊற்றினால் அதற்குச் சாப்பாடு போடுகிறோம். சீயக்காய் பிடித்தவர்கள் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள், திப்பி சுருளுக்குள் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு. சாம்பிராணிப் புகையில் முடி உலர்த்துவது மணமாக இருக்கும், ஆஸ்துமாக்காரர் வீட்டில் வேண்டாம்.

ஹெல்மெட்டும் கடலும்

பினாங்குப் பாலத்தின் வழியாக மோட்டார் சைக்கிளில் தினம் வேலைக்கு வந்து போகிறவர்கள் ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டுவதை முதலில் விட வேண்டும். சூடும் ஈரமும் அடைபட்ட இடம் பூஞ்சைக்குச் சொர்க்கம். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டு, அதைத் தினமும் துவையுங்கள். கழற்ற முடிகிற உள்துணி என்றால் அதையும் வாரம் ஒரு தடவை. ஹெல்மெட்டுக்குப் பயந்து உயரக் கொண்டை போடுவது வேண்டாம். ஹெல்மெட் சரியாக உட்காராது, விபத்தில் காக்காது. கழுத்தோரம் தளர்வான பின்னல் போதும்.

பத்து ஃபெரிங்கியில் கடலில் இறங்குமுன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீர் குடித்த முடி உப்புநீரைக் குறைவாகவே எடுக்கும். நீச்சல் குளத்துக் குளோரினுக்கும் இதே வழிதான்.

எப்போது மருத்துவரிடம்

டெங்கியோ கடும் காய்ச்சலோ வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாக உதிர்ந்தால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. பிரசவத்துக்குப் பிறகும் இப்படி நேரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் சோதிக்க வேண்டியிருக்கும். நாணயம் போல வட்டமாக வழுக்கை விழுவதும், தழும்பு போலத் தோல் பளபளப்பதும், பிள்ளையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்த திட்டுகள் தெரிவதும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். பிள்ளைகளின் அந்தத் திட்டுகள் படர்தாமரையாக இருந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை தேவை.

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்தே பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முடியை இறுக்கிக் கட்டாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் செதில் மறைந்துவிடும், மருத்துவர் பார்க்க வேண்டியது அதைத்தான். வீட்டில் தடவிய எண்ணெய், கிரீம், ஷாம்பு எல்லாவற்றின் புட்டிகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.