காடைத் தீவனம்: கிலோ விலையா, கலோரி விலையா?

பொரிந்த அன்று ஜப்பானியக் காடைக் குஞ்சின் எடை ஏறக்குறைய 8 கிராம். 35-ஆம் நாள் தராசில் ஏறும்போது 200 கிராம். இந்த 25 மடங்கு வளர்ச்சிக்கு அது தின்பது அரைக் கிலோ தீவனம்தான். அதிலும் பாதிக்கு மேல் கடைசி இரண்டு வாரத்தில்.

வளரும் காடைக்கு ஒரு கிலோ தீவனத்தில் 2,900 கிலோ கலோரி எரிசக்தியும் 24 சதவீதப் புரதமும் வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-இல் அளவு சொன்னது. அரைக் கிலோவுக்கு 1,450 கிலோ கலோரி. கூடிய 192 கிராமில் கிராம் ஒன்றுக்கு ஏழரை.

ஆயிரம் குஞ்சு விட்டால் 500 கிலோ, 50 கிலோ மூட்டையில் பத்து. கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய். இப்போது ஒருவர் தவிட்டைக் கூட்டிய தீவனத்தை 37 ரூபாய்க்குத் தருகிறார், எரிசக்தி 2,600. மூட்டைக்கு 150 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கலோரி குறைந்தால் காடை அதை ஈடுகட்டக் கூடுதலாகத் தின்னும். அதே 1,450-ஐ எட்ட 558 கிராம் வேண்டும். ஆயிரத்துக்கு 558 கிலோ, 20,600 ரூபாய்க்கு மேல். 35 ரூபாய் 86 காசுக்குக் கீழே கிடைத்தால்தான் அந்தத் தீவனம் லாபம். அதுவும் காகிதக் கணக்கு. அந்தச் சின்ன இரைப்பை அவ்வளவையும் கொள்ளாவிட்டால் எடை பின்தங்கும்.

எரிசக்தியைக் கூட்டும் சரக்கு மக்காச்சோளம்: கிலோவுக்கு 3,350. சூரியகாந்திப் புண்ணாக்கில் அதில் பாதிகூட வராது. நூறு கிலோ கலவையில் ஒரு கிலோ சோளத்தை எடுத்துவிட்டு எண்ணெய் சேர்த்தால் கிலோவுக்கு 54 கிலோ கலோரி ஏறும்.

அதற்காக எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகவும் கூடாது. 3,200 ஆக்கினால் 453 கிராமிலேயே பசி அடங்கிவிடும். புரதம் 24 சதவீதமாகவே இருந்தால், 120 கிராம் சேர வேண்டிய உடம்புக்கு 109 கிராம்தான் சேரும். சதைக்குப் பதில் கொழுப்பு வைக்கும். புரதத்தையும் 26.5 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும், அது சோயா புண்ணாக்குச் செலவு.

கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. தீவனத் தட்டை வாய்மட்டம் நிரப்பினால் காடை அலகால் வாரி இறைக்கும். ஐந்து சதவீதம் சிந்தினாலே 25 கிலோ, 1,000 ரூபாய், 50 காடைக்கான முழு எரிசக்தி. பாதித் தட்டுக்கு மேல் போடாதீர்கள்.

வியாபாரியின் நாளும் கணக்கில் வரும். ஐந்து வாரம் தாண்டினால் வளர்ச்சி தளர்ந்துவிடும், தீனி தளராது. நாளுக்கு 25 கிராம் என்றால் காடைக்கு ஒரு ரூபாய். வண்டி நான்கு நாள் தள்ளி வந்தால் ஆயிரம் காடைக்கு 4,000 ரூபாய்.