சீட்டை இறக்கினால் சரியாகிவிடுமா?

ஐந்தடி உயரமுள்ள பெண் ஒருவர் கடைக்குப் போய் ரோடு பைக் கேட்டால், பெரும்பாலும் அங்கே நிற்பது 52, 54 அளவு ஃபிரேம்கள்தான். "இதையே எடுத்துக்குங்கம்மா, சீட்டை இறக்கிக் குடுத்துடறேன்" என்பார் கடைக்காரர். ஏமாற்றும் எண்ணத்தில் சொல்வதில்லை. காய்கறிக் கடைக்குப் போய்வரும் சைக்கிளுக்கு அது போதும், ரோடு பைக்குக்குப் போதாது. கழுத்து வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, "சைக்கிள் நமக்குச் சரிப்படாது" என்று ஒரு பெண் ஒதுங்கிவிடுவது பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. சைக்கிள்தான் அவர் அளவு இல்லை.

சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்காருகிறோம். ரோடு பைக்கில் முன்னால் சாய்ந்து, கீழே வளைந்திறங்கும் ஹேண்டில்பாரைப் பிடிக்கிறோம். சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிட்டால் நம் உழைப்பில் பெரும்பங்கை எதிர்க்காற்றே தின்றுவிடும். அதற்குத்தான் இந்தச் சாய்வு. ஆனால் இப்படிச் சாய்ந்து மணிக்கணக்கில் போக வேண்டுமென்றால், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரையுள்ள தூரம் நம் முதுகுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும். சீட்டை இறக்குவதால் இந்தத் தூரம் குறைந்துவிடாது. சீட் செருகியிருக்கும் குழாய் ஏறத்தாழ 73, 74 பாகைக் கோணத்தில் நிற்கிறது. ஒரு செ.மீ. இறக்கினால் சீட் முன்னால் வருவது 3 மி.மீ.தான்.

தவிர, சீட்டின் உயரம் கடைக்காரர் தீர்மானிப்பதல்ல, கால் தீர்மானிப்பது. வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தொடையிடுக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கச் சொல்வது, டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு. 70 செ.மீ. கால் என்றால் சுமார் 62 செ.மீ. பெடல் கோத்திருக்கும் கிராங்க் சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேல்தளம் வரை குழாயை ஒட்டி அளந்தால் அவ்வளவு இருக்க வேண்டும். பிறகு அரை செ.மீ. முன்னேபின்னே மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கீழே இறக்கி ஓட்டினால் முழங்கால் நாளடைவில் வலியெடுக்கும்.

அப்படியானால் 'லேடீஸ்' என்று எழுதிய ரோடு பைக்கைத் தேட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜினா டெரி என்ற பொறியாளர், உயரம் குறைந்த பெண்களுக்கு அன்றைய ஃபிரேம்கள் நீளமாக இருப்பதைக் கண்டு, 1985-இல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனத்தையே தொடங்கினார். சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரம் இடிக்கிறது என்பதால், முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகக் குறைத்தார். பின்னாளில் பெரிய நிறுவனங்கள் பலவும் பெண்களுக்கெனத் தனி ஃபிரேம் செய்தன. ஸ்பெஷலைஸ்டு நிறுவனமோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடே பெரிது என்று சொல்லி, 2010-களின் இறுதியில் அதைக் கைவிட்டது. ஜயண்ட் நிறுவனத்தின் 'லிவ்' இன்றும் தனியாகவே செய்கிறது. இரண்டிலும் நல்ல சைக்கிள் உண்டு. என்னைக் கேட்டால், பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு அளவைப் பாருங்கள் என்பேன்.

இதை நம் ஊர்ப் பெண்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

உங்கள் உயரம் 150 முதல் 157 செ.மீ. என்றால் 44 முதல் 48 வரையான அளவில், அல்லது எக்ஸ்எஸ் என்று குறித்ததில் தேடுங்கள். மேல்பார் பின்னோக்கிச் சரிந்திருக்கும் ஃபிரேம் நல்லது. இரு காலும் தரையில் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு, மூன்று செ.மீ. இடம் வேண்டும். எண்டூரன்ஸ் என்ற வகையில் ஹேண்டில்பார் சற்று உயர்ந்தும் கிட்டத்திலும் இருக்கும். முதல் சைக்கிளுக்கு அதுவே பொருத்தம். ஹேண்டில்பாரின் அகலம் தோளகலத்தை ஒட்டி 36, 38 செ.மீ. கிராங்க் 165 மி.மீ. கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது சீட். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் பொறுத்துக்கொள்ளும் வலி இதில்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முண்டுகள். சீட் குறுகலாக இருந்தால் எடை நடுவிலுள்ள மென்திசுமேல் விழுகிறது. மெத்தென்ற ஜெல் சீட் இதற்குத் தீர்வு என்று நினைக்கிறோம். முண்டுகள் ஜெல்லுக்குள் அமிழ, நடுப்பகுதி மேலே பிதுங்கி அதே இடத்தைத்தான் அழுத்துகிறது. பார்சல் பெட்டியிலிருந்து நெளி அட்டை ஒன்றை வெட்டி மாடிப்படியில் வைத்து, மெல்லிய உடையோடு அழுந்த உட்காருங்கள். முன்னால் குனிந்து, குதிகாலைத் தூக்கி அரை நிமிடம். எழுந்து சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடு வரை 12 செ.மீ. என்றால், 14 அல்லது 15 செ.மீ. அகலச் சீட் வேண்டும். நடுவே பள்ளமோ துளையோ உள்ள வகை பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. சைக்கிளோடு வரும் சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பேட் வைத்த ஷார்ட்ஸ் அணியும்போது உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகிவிடும்.

பிரேக் விஷயத்தில் விரலின் நீளம் முக்கியம். ஹேண்டில்பாரின் வளைவில் பிடித்திருக்கும்போதும் நடுவிரல் சிரமமின்றி லீவரை எட்ட வேண்டும். பெரும்பாலான லீவர்களில் இதைக் கிட்டே கொண்டுவரச் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. ஆலன் கீயால் ஐந்து நிமிட வேலை. கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் விலை கூடுதல் என்றாலும் கைக்கு இதம்.

கியரில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை அல்ல, பற்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, ஏறத்தாழ 2.1 மீட்டர். செகண்ட் ஹாண்டில் வரும் பழைய பந்தய சைக்கிள்களில் 39-க்கு 25 இருக்கும். அதில் மிக லேசான கியரிலேயே ஒரு மிதிக்கு 3.3 மீட்டர் தள்ளியாக வேண்டும். சமதரையான ஈசிஆரில் இது தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும்.

டயர் 28 மி.மீ. அல்லது அதற்கு மேல். 55 கிலோ எடையுள்ளவருக்கு 60, 65 பி.எஸ்.ஐ. காற்றுப் போதும். நூறு அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கையில் வந்து இடிக்கும். ரோடு பைக் டயரின் மெல்லிய வால்வுக்குப் பெட்ரோல் பங்க் பம்ப் பொருந்தாது என்பதால், சின்ன அடாப்டர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ஃபிரேமைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோவின் கிளாரிஸ் அல்லது சோரா கியர் ஒரு தொடக்கக்காரருக்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் நல்ல சீட்டும் வாங்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் கடையைச் சுற்றி இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். மெதுவாக 'யூ' அடித்துத் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். சின்ன ஃபிரேம்களில் இது நடக்கும். லேசாகத் தொட்டால் பழகிக்கொள்ளலாம். காலே சிக்குகிறது என்றால் வேறு மாடல் பாருங்கள். முழங்கையை மடக்க முடியாமல் கை விறைத்து நீண்டிருந்தால் அந்த அளவு உங்களுடையதல்ல. உங்கள் அளவை வரவழைத்துத் தர எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். வரவழைக்க முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.